அழகு சிகிச்சையா, அவசிய சிகிச்சையா?

தலைநகரில் அண்மைக் காலமாக அரசியல்வாதிகள் கட்சி வேறுபாடின்றிப் பேசும் நோய் ஒன்று உண்டென்றால் அது உடல் பருமன்தான். 2025 பிப்ரவரியில் ஒலிபரப்பான "மனதின் குரல்" நிகழ்ச்சியில் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்கும்படி பிரதமர் மோடி கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு செங்கோட்டையில் நிகழ்த்திய சுதந்திர தின உரையிலும் இதைத் தொட்டுப் பேசினார். பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்கச் சொல்லி மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் உத்தரவிட்டது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை வாசகமா என்று எழுந்த சர்ச்சைக்கு அரசு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. நாடாளுமன்ற உணவகத்திலேகூட மக்களவைத் தலைவர் ஓம் பிர்லாவின் முயற்சியால் சிறுதானியப் பதார்த்தங்கள் கொண்ட தனி உணவுப் பட்டியல் வந்தது. அதை விரும்பிச் சாப்பிடும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால், இந்தப் பேச்சு முழுவதும் பருமன் வருவதற்கு முந்தைய கட்டத்தோடு நின்றுவிடுகிறது. எண்ணெயைக் குறைத்தால் சரியாகும் நிலையைத் தாண்டி, அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி என்று மருத்துவர்கள் கைகாட்டிய நிலையில் இருப்பவர்கள் பற்றிப் பேச்சு குறைவு. அந்த அறுவையைச் செய்துகொண்டு, எடையையும் குறைத்த பிறகு அவர்கள் வாழும் வாழ்க்கையைப் பற்றியோ பேச்சே இல்லை.

இரைப்பையைச் சுருக்கும் "பேரியாட்ரிக்" அறுவைச் சிகிச்சை இன்று இந்தியாவில் புதுமையன்று. பாரதிய ஜனதா கட்சியின் தலைவராக இருந்தபோது நிதின் கட்கரி 2011-இல் இதைச் செய்துகொண்டார். நிதியமைச்சராக இருந்த அருண் ஜேட்லி, நீண்டகால நீரிழிவின் காரணமாக 2014 செப்டம்பரில் தில்லியில் செய்துகொண்டார். பணக்காரர்களின் ஆடம்பரம் என்று ஏளனம் செய்யப்பட்ட ஒரு சிகிச்சை, இவ்விரு தலைவர்களுக்குப் பின் நடுத்தர வர்க்கத்தின் உரையாடலுக்குள் வந்தது என்றால் மிகையில்லை.

தேவையும் பெருகியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 24 சதவீதப் பெண்களும் 22.9 சதவீத ஆண்களும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். தில்லியில் பெண்களிடையே இது 41 சதவீதத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 30.9 என்பதை நினைவில் கொண்டால் வேகம் புரியும். இவர்கள் அனைவருக்கும் அறுவை தேவையில்லை. மிகச் சிறு பகுதியினருக்கே தேவை. ஆனால் மிகப் பெரிய எண்ணிக்கையின் மிகச் சிறு பகுதி என்பதும் பெரிய எண்ணிக்கைதான்.

அறுவை இரு வகைகளில் பெரும்பாலும் நடக்கிறது. ஒன்றில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்து, வாழைக்காய் வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். மற்றொன்றில் இரைப்பையின் மேற்புறம் ஒரு சிறு பையை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். 130 கிலோ எடையுள்ள ஒருவர் ஓரிரு ஆண்டுகளில் 35, 40 கிலோ வரை இழப்பது சாதாரணமாகக் காணப்படுவது. நீரிழிவு மாத்திரைகள் குறைகின்றன, சிலருக்கு நின்றே போகின்றன. உறக்கத்தில் மூச்சடைப்பது தணிகிறது. முழங்கால் வலி குறைகிறது. ஆயுள் கூடுகிறது என்பதை ஸ்வீடனில் ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது. ஆகவே, இந்த அறுவை வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல இங்கு விவாதம்.

மருத்துவமனை விளம்பரங்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. "முன்பு", "பின்பு" என இரண்டு புகைப்படங்கள். பின்பு எடுத்த படத்தில் இருப்பவர் முழுக்கை ஆடை அணிந்திருப்பார். அது ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கை என்பது வாழ்நாள் முழுவதும் தொடரும் ஓர் ஒழுங்கு. ஒரு வேளைக்குக் கைப்பிடி அளவு உணவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. முட்டைகூடத் தொடாத வட இந்தியக் குடும்பங்களில் பனீரையும் பருப்பையும் தயிரையும் கொண்டு இந்தக் கணக்கை எட்டுவது பெரும்பாடு. பி12, இரும்பு, கால்சியம், டி உயிர்ச்சத்து ஆகியவற்றை மாத்திரையாகவோ ஊசியாகவோ ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம், நான்காம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் பிறகு வளர்ந்துவிடும் என்றாலும், அந்த நாள்களில் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஆறுதல் போதாது. இனிப்பு சற்று மிகுந்தால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும். பித்தப்பைக் கல் உருவாகலாம். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மது வேகமாக ரத்தத்தில் ஏறும்; குடலை மாற்றி இணைக்கும் அறுவைக்குப் பின் சிலர் குடிக்கு அடிமையாகும் அபாயமும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

தில்லியின் பெரிய மருத்துவமனைகளில் அறுவை செய்துகொள்பவர்களில் கணிசமானோர் பாட்னாவிலிருந்தும் கோரக்பூரிலிருந்தும் குவாலியரிலிருந்தும் வருபவர்கள். அறுவை முடிந்து ஊர் திரும்பியதும் அவர்களைப் பார்ப்பது உள்ளூர் மருத்துவர். முதுகு வலி என்று போனால் வழக்கம்போல டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுக்கிறார். குடல் இணைப்பு செய்யப்பட்டவருக்கு அந்த மாத்திரை, இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடியது. இதை அந்த மருத்துவருக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைகளுக்கும் பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகளில் இடமில்லை. அவை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையல்லவே!

இத்தனையையும் ஒருவர் கடந்து வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை இறங்கி நிலைத்துவிட்டது. அப்போதுதான் தோல் என்கிற பிரச்னை முழு உருவத்தில் வெளிப்படுகிறது.

பல ஆண்டுகள் விரிந்து நின்ற தோலின் உள்ளிருக்கும் இழைகள் அறுந்தும் தளர்ந்தும் போயிருக்கும். உள்ளிருந்த கொழுப்பு கரைந்தாலும் தோல் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. எந்தக் களிம்பாலும் எந்தப் பயிற்சியாலும் அதைச் சுருக்கிவிட முடியாது. வயிற்றின் கீழே ஒரு முன்றானை போலத் தொங்கும். சிலருக்குத் தொடை வரை இறங்கும். மேற்கைகளில், தொடைகளின் உட்புறத்தில், மார்பில், முதுகில் மடிப்பு மடிப்பாகத் தேங்கும். மடிப்புக்குள் காற்றுப் புகாது. தில்லியின் 45 டிகிரி கோடையில், மின்தடை நேரத்தில், அந்த மடிப்புக்குள் தேங்கும் வியர்வை என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. முதலில் சிவப்பு. பிறகு அரிப்பு, படர்தாமரை, வெடிப்பு, நீர்க்கசிவு, துர்நாற்றம். களிம்பு தடவினால் ஆறும். இரண்டு வாரத்தில் திரும்ப வரும். நீரிழிவு முழுதும் நீங்காதவர்களுக்கு ஆறுவதும் தாமதம்.

நடக்கும்போது இரு தொடைகளும் உராய்ந்து புண்ணாகின்றன. தொங்கும் தோலின் எடை முதுகை முன்னே இழுக்கிறது. ஓடவோ உடற்பயிற்சி செய்யவோ அதை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடை திரும்ப ஏறாமலிருக்கப் பயிற்சி கட்டாயம் என்று மருத்துவர் சொல்கிறார். பயிற்சி செய்ய விடாமல் தோல் தடுக்கிறது. கழிவறையில் சுத்தம் செய்துகொள்வதேகூடச் சிலருக்குத் துணை தேவைப்படும் காரியம். வெளியில் சொல்ல முடியாத இந்த அவதியை அழகுப் பிரச்னை என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது எந்த வகையில் நியாயம்?

இதற்குத் தீர்வு மற்றோர் அறுவை. அதுவும் எளிதன்று. எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிலைத்திருக்க வேண்டும். பொதுவாக முதல் அறுவை முடிந்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கழித்தே மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். ரத்தத்தில் புரதமும் இரும்பும் குறைவாக இருந்தால் தையல் பிரியும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். புகைப்பவர் நிறுத்தியாக வேண்டும். வயிற்றுத் தோலை அகற்ற இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்டுவார்கள். சிலருக்கு இடுப்பைச் சுற்றி முழுவதும். நீர் வடியக் குழாய்களோடு சில நாள்கள், இறுக்கமான உள்ளாடையோடு பல வாரங்கள். நீர் கோத்துக்கொள்ளலாம், தையல் விடலாம், காலில் ரத்தம் உறையலாம். கைக்கும் தொடைக்கும் மார்புக்கும் தனித்தனியே, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு. தழும்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும். அழகுக்காக மட்டும் ஒருவர் விரும்பி ஏற்கும் துன்பமாக இது தெரியவில்லை.

ஆனால் விதிப்புத்தகம் அப்படித்தான் பார்க்கிறது. காப்பீட்டு ஒழுங்காற்று மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில், எல்லா மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளிலும் விலக்குகள் ஒரே வாசகத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. நிறுவனத்துக்கு ஒரு வாசகம் என்றிருந்த குழப்பத்தைப் போக்கிய நல்ல நடவடிக்கை அது. அந்தப் பட்டியலில் 6-ஆவது விலக்கு, பருமனுக்கான அறுவையைப் பற்றியது. பெயருக்கு விலக்கு, உண்மையில் அது ஓர் அனுமதி. 18 வயது நிறைந்தவராக இருந்து, உடல் நிறைக் குறியீட்டெண் 40-ஐ எட்டியிருந்தாலோ, அல்லது 35-ஐ எட்டி இதய நோய், கடும் உறக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத நீரிழிவு போன்றவை இருந்து பிற முயற்சிகள் தோற்றிருந்தாலோ, மருத்துவர் ஆலோசனையின்பேரில் செய்யப்படும் அறுவையை அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. இந்த எண்களிலேயே ஒரு குறை உண்டு. இந்தியர்களின் உடல்வாகில் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் தாக்குகின்றன என்பதால், 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை 37.5, நோய்கள் இருந்தால் 32.5 என்றே வரையறுத்தது. ஆணையம் அதற்குப் பத்தாண்டுகள் கழித்தும் மேலை நாட்டு எண்களையே எடுத்தாண்டது.

அதே பட்டியலில் 8-ஆவது விலக்கு, அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவை. தோற்றத்தை மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடையாது. விதிவிலக்குகள்: விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யப்படும் சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு "நேரடியான, உடனடியான" ஆபத்தை நீக்கும் மருத்துவ அவசியம் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளிப்பது.

சிக்கல் அந்த "உடனடியான" என்ற சொல்லில் இருக்கிறது. தோல் மடிப்பில் வரும் புண் நேரடியான தீங்கு, அதில் ஐயமில்லை. ஆனால் அது இன்றோ நாளையோ உயிரைப் பறிக்காது. ஆண்டுக்கணக்கில் அரித்துத் தின்னும். எனவே கோரிக்கையை மறுக்க விரும்பும் நிறுவனத்துக்கு அந்த ஒரு சொல் போதும். நோயாளியின் எடையைக் குறைக்கப் பணம் கொடுத்த அதே நிறுவனம், எடை குறைந்ததால் ஏற்பட்ட விளைவுக்கு, அழகு சிகிச்சை என்று முத்திரை குத்திக் கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புற்றுநோய்க்காக மார்பகத்தை இழந்த பெண்ணுக்குச் சீரமைப்பு அறுவையை விதி அனுமதிக்கிறது. அந்த அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு உடனடி ஆபத்து எதுவுமில்லை. இருந்தும் அனுமதிப்பதன் காரணம், ஒரு சிகிச்சை உடலில் விட்டுச்சென்ற சேதத்தைச் சரிசெய்வது அந்தச் சிகிச்சையின் பகுதியே என்ற மனிதாபிமானமான புரிதல். அந்தப் புரிதல் புற்றுநோயாளிக்குப் பொருந்தும், பருமன் நோயாளிக்குப் பொருந்தாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. முன்னவர் மீது சமூகத்துக்கு இரக்கம் உண்டு. பின்னவர் தின்று கெட்டவர் என்ற எண்ணம் உண்டு. விதியின் வாசகத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இந்த வேறுபாடுதான்.

வரிச் சட்டமும் இதே பாதையில் செல்கிறது. 2017 ஜூனில் வெளியான சரக்கு மற்றும் சேவை வரி அறிவிக்கை, மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு அளித்துவிட்டு, அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவையை அதிலிருந்து வெளியேற்றியது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம், அதிர்ச்சிக் காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைப்பதற்கு மட்டும் விலக்கு. எடைக் குறைப்பு அந்த வரிசையில் இல்லை. ஆகவே, காப்பீடு மறுக்கப்பட்டுக் கைப்பணம் செலவழிக்கும் நோயாளியின் ரசீதில் 18 சதவீத வரியும் சேரக்கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வரி நீக்கப்பட்டதை மத்திய அரசு சாதனையாகச் சொல்கிறது, சாதனைதான். ஆனால் பிரீமியத்துக்கு வரி இல்லாத காப்பீடு எதைத் தருகிறது, எதை மறுக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்று கேட்கலாம். தில்லி எய்ம்ஸில் இரைப்பை அறுவையும் நடக்கிறது. தீக்காயம் மற்றும் பிளாஸ்டிக் அறுவைக்கெனத் தனிக் கட்டடமும் உள்ளது. ஆனால் அங்கு அடுப்பு வெடித்துக் கருகியவர்களும், அமில வீச்சுக்கு ஆளானவர்களும், சாலை விபத்தில் சிதைந்தவர்களும் வரிசையில் நிற்கும்போது தொங்கும் தோலோடு வருபவரைப் பின்னே நிறுத்துவதில் மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது.

எதிர்வாதம் வலுவானது, அதை மறைப்பது நேர்மையாகாது. இதே கணக்கெடுப்பு, நாட்டில் 18.7 சதவீதப் பெண்கள் எடை குறைந்தவர்கள் என்றும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. பசித்தவர்களின் நாட்டில் பருத்தவர்களின் தோலுக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி காதில் விழாமல் இருக்காது. ஆனால் இங்கு கேட்கப்படுவது பெரும்பாலும் பொதுப்பணமன்று. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியவர் தன் பாலிசியிலிருந்து கேட்பது. கதவைத் திறந்தால் வயிற்றைத் தட்டையாக்கிக்கொள்ள விரும்பும் வசதி படைத்தவர்கள் உள்ளே நுழைவார்கள், எல்லோருடைய பிரீமியமும் உயரும் என்று நிறுவனங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் சில, கிடைத்த ஓட்டையைப் பெருவழியாக்கத் தயங்குபவை அல்ல என்பதும் அனுபவம்.

அதற்கு வழி கதவைப் பூட்டுவதன்று, அளவுகோலை எழுதுவது. அமெரிக்காவின் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் தாராள மனத்துக்குப் பேர்போனவை அல்ல. அவற்றில் பலவும்கூட, வயிற்றுத் தோல் இடுப்பெலும்பின் கீழ்வரை தொங்கினால், மூன்று மாதச் சிகிச்சைக்கும் ஆறாத தோல்நோய் பதிவாகியிருந்தால், எடை ஆறு மாதம் நிலைத்திருந்தால், அந்தத் தோலை மட்டும் அகற்றப் பணம் தருகின்றன. வயிற்றுத் தசையை இழுத்துக் கட்டி இடையை அழகாக்குவதற்குத் தருவதில்லை. உடலைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் தளர்ச்சிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் பிட்ஸ்பர்க் அளவுகோல் 2005 முதல் புழக்கத்தில் உள்ளது. பிரிட்டனில் பகுதிக்குப் பகுதி விதி மாறுகிறது. அது பின்பற்றத்தக்க முன்மாதிரியன்று.

இந்த அளவுகோலால் எல்லாம் தீர்ந்துவிடாது. மேற்கையில் தொங்கும் தோலால் பெரும்பாலும் புண் வராது. ஆனால் அரைக்கை ரவிக்கை அணிய முடியாமல், உறவினர் திருமணத்துக்குப் போகாமல், கணவனிடமிருந்தும் உடலை மறைத்து வாழும் பெண்ணின் துயரம் எந்த மதிப்பெண்ணிலும் அடங்காது. எடை குறைந்த பிறகும் "ஏதாவது நோயா?" என்று விசாரிக்கும் வாய்கள் ஊரெங்கும் உண்டு. அதற்குக் காப்பீடு தர வேண்டும் என்று இப்போதைக்குக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. முதல் அறுவைக்கு முன்பே, எடை இறங்கினால் தோல் இப்படித்தான் ஆகும், அதற்கு இவ்வளவு செலவாகும் என்று எழுத்தில் சொல்லிக் கையொப்பம் வாங்குவதையாவது மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்கலாம். மனநல ஆலோசனையை அறுவைக்கு முன்னோடு நிறுத்தாமல் பின்னும் தொடரச் செய்யலாம்.

காலம் தாழ்த்த முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியின் மூலப்பொருளான செமாகுளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலத்தின் எல்லை 2026 மார்ச். உள்நாட்டு நிறுவனங்களின் மலிவுப் பதிப்புகள் பெருகப் பெருக, கத்தி படாமலே பெருமளவு எடை இழப்பவர்கள் பெருகுவார்கள். வேகமாக எடை இறங்கினால் தோல் தளரும் என்ற விதி ஊசிக்கும் பொருந்தும். இன்று சில ஆயிரம் பேரின் குறையாக இருப்பது அன்று சில லட்சம் பேரின் குறையாகும்.

இதற்குச் சட்டத் திருத்த மசோதா தேவையில்லை. கூச்சலிலும் வெளிநடப்பிலும் நாள்கள் கரையும் அவைகளின் நேரமும் தேவையில்லை. 8-ஆவது விலக்கில் விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்ற வரிசையோடு, 6-ஆவது விதிப்படி அனுமதிக்கப்பட்ட அறுவையின் விளைவு என்ற ஒரு தொடரைச் சேர்த்து, அளவுகோலை இணைப்பாக ஆணையம் வெளியிட்டால் போதும். குறியீட்டெண்ணையும் 37.5, 32.5 என்று அப்போதே திருத்திவிடலாம். வரி அறிவிக்கையில் அதே தொடரைச் சேர்க்க ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்கலாம், மாநில நிதியமைச்சர்கள் எவரும் இதை அந்த மன்றத்தில் எழுப்பத் தடையில்லை, தமிழ்நாட்டின் அமைச்சர் உள்பட.

அதுவரை பாதிக்கப்பட்டவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோல் மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் புண்ணின் இடம், அளவு, கொடுத்த மருந்து, எத்தனை நாளில் திரும்ப வந்தது என்பதை எழுதி வாங்கி, தேதியிட்ட படங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். அறுவைக்கு முன்பே மருத்துவ அவசியச் சான்றுடன் நிறுவனத்துக்கு எழுதி, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அந்த மறுப்புக் கடிதத்தோடு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கு கட்டணமும் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை.